பாட்டிலின் வயதும் கலப்பவரின் கையும்

முதிர்ந்த ஜப்பானிய விஸ்கி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் மீனம்பாக்கம் விமான நிலையம் வழியாகத்தான். ஆன்சைட் வேலை முடிந்து திரும்பும் மகன் வாங்கி வருவார். இல்லையென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கூட வேலை பார்க்கும் ஜப்பானியப் பொறியாளர் ஊருக்குப் போய் வந்த நினைவாகக் கொடுப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது கொண்டுவரச் சுங்க விதிகள் இடம் தருகின்றன. பாட்டில் மேசைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: 12, 17, 21 என்று லேபிளில் அச்சிட்ட எண். எண் பெரிதென்றால் சரக்கு உசத்தி, கொடுத்தவருக்கும் கௌரவம் என்று அங்கேயே கணக்கை முடித்துவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு என்று நிறுவுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. முதிர்ந்த ஜப்பானியக் கலப்பு விஸ்கியின் அருமை அதன் வயதில் பாதிகூட இல்லை. நூற்றுக்கணக்கான பீப்பாய்களை முகர்ந்து, எது எவ்வளவு என்று முடிவு செய்த கலப்பவரின் கையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படிக் குடிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தானாகவே வந்துவிடும்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பாட்டிலில் 21 என்று இருந்தால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையது 21 ஆண்டு மரப்பீப்பாயில் இருந்தது என்று பொருள். அது சராசரி வயது அல்ல, உச்ச வயதும் அல்ல. 25 ஆண்டு, 30 ஆண்டுப் பீப்பாய்களும் அதில் சேர்ந்திருக்கலாம். எத்தனை சேர்ந்தன, எந்த மரத்தில் கிடந்தன என்பதையெல்லாம் எண் சொல்லாது. 'கலப்பு' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே கலப்பு என்றால் கலப்படம் இல்லை. முளைகட்டிய பார்லியைச் செம்புக் கொப்பரையில் ஈடு ஈடாகக் காய்ச்சி வடித்தால் அது மால்ட் விஸ்கி. மக்காச்சோளம் போன்ற தானியங்களை உயரமான கோபுரக் கலனில் நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருந்தால் அது கிரெய்ன் விஸ்கி. முன்னதில் குணம் அதிகம், பின்னதில் மென்மை அதிகம். இரண்டும் தனித்தனியே பீப்பாயில் முதிர்ந்த பிறகு ஒன்று சேர்வதுதான் கலப்பு விஸ்கி. சன்டோரி நிறுவனம் தன் 90ஆம் ஆண்டை ஒட்டி 1989-ல் வெளியிட்ட ஹிபிக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யமசாக்கி, ஹகுஷு என்ற இரண்டு ஆலைகளின் மால்ட்டும் சிட்டா ஆலையின் கிரெய்னும் சேர்ந்தது அது. ஹிபிக்கி என்றால் ஒத்திசைவு, எதிரொலிப்பு என்று பொருள். பாட்டிலின் 24 பட்டைகள் ஜப்பானியப் பழைய நாட்காட்டியின் 24 சிறு பருவங்களைக் குறிப்பவை. வயதைவிடச் சேர்க்கையே பெரிது என்று நம்பியவர்கள்தான் இப்படி ஒரு பெயரை வைத்திருப்பார்கள்.

'சிங்கிள் மால்ட்தான் அசல், கலப்பு என்பது அடுத்த தரம்' என்று விவரம் தெரிந்தவர்களே சொல்வதுண்டு. இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. மலிவான கலப்புகள் பலவற்றில் கிரெய்னை ஊற்றி நிரப்பி, பெயருக்குக் கொஞ்சம் மால்ட்டைச் சேர்ப்பது உண்மை. ஆனால் மலிவானது மோசம் என்பதால் முறையே மோசம் என்று ஆகிவிடாது. நம் வீட்டுக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் நின்று 'பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி, சிக்கரி இவ்வளவு' என்று சொல்லி அரைத்து வாங்குகிறோம். ஒரே தோட்டத்துக் கொட்டையைத் தனியாக அரைத்தால்தான் உயர்ந்த காபி என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றில் மணம், ஒன்றில் திடம், ஒன்றில் நிறம் என்று பார்த்துச் சேர்க்கிறோம். அந்த விகிதம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், தலைமுறை தாண்டியும் நிற்கும். சிங்கிள் மால்ட் ஓர் ஊரின் குணத்தைக் காட்டுகிறது. கலப்பு ஒரு மனிதரின் தீர்ப்பைக் காட்டுகிறது. இரண்டும் இருவேறு கலைகள். ஒன்றுக்கு மேலே மற்றொன்று இல்லை.

ஜப்பானில் இந்தக் கலை தனி வழியில் வளர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் போட்டி நிறுவனங்களே தங்களுக்குள் பீப்பாய்களை மாற்றிக்கொள்ளும். கலப்பவருக்கு நாட்டின் அத்தனை ஆலைகளும் கடைச்சரக்கு போலத் திறந்து கிடக்கும். ஜப்பானில் அந்தப் பழக்கம் வேர்விடவில்லை. சன்டோரியின் நிறுவனர் ஷின்ஜிரோ தோரீ 1923-ல் கியோட்டோவுக்கு அருகே யமசாக்கியில் முதல் மால்ட் ஆலையைக் கட்டினார். ஸ்காட்லாந்து போய்த் தொழில் கற்றுவந்த மசதாகா தகெத்சுருவை அதற்குப் பொறுப்பாக வைத்தார். தகெத்சுரு 1934-ல் விலகி வடக்கே யொயிச்சியில் தன் ஆலையைத் தொடங்கினார், அது பின்னாளில் நிக்கா ஆயிற்று. அதன்பின் இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒன்றிடம் ஒன்று கைமாற்று வாங்கவில்லை. வெளியே வாங்க முடியாததை உள்ளேயே செய்தாக வேண்டும். அதனால் ஒரே ஆலைக்குள் பல வடிவக் கொப்பரைகளை நிறுத்தினார்கள், பல ஈஸ்ட்டுகளைப் பழக்கினார்கள், பல மரப்பீப்பாய்களில் அடைத்தார்கள். ஜப்பானியக் கலப்பின் நுணுக்கம் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தது. முதல் முயற்சி தோற்றதும் ஒரு பாடம்தான். 1929-ல் வந்த ஷிரோஃபுதா ஸ்காட்லாந்துப் புகை வாசனையோடு இருந்தது, ஜப்பானியர்கள் அதை ஏற்கவில்லை. 1937-ல் தங்கள் நாக்குக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்ற கலப்பாக ககுபின் வந்த பிறகுதான் விஸ்கி அந்த நாட்டில் நிலைத்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குக் கலப்பவரின் சிக்கலை விளக்க வேண்டியதே இல்லை. நாற்பது வெண்டார்களிடமிருந்து பாகங்கள் வரும், ஒவ்வொரு லாட்டிலும் சின்ன வேறுபாடு இருக்கும், ஆனால் லைனிலிருந்து இறங்கும் பிரேக் நேற்று இறங்கியது போலவே இருக்க வேண்டும். பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது இந்தச் சீர்மைக்காகத்தான். விஸ்கிப் பீப்பாய் என்பது டாலரன்ஸுக்கு அடங்காத பாகம். ஒரே நாளில் ஒரே சாராயத்தை நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பீப்பாய்கள் 20 ஆண்டில் இரண்டு குணமாக நிற்கும். ஒன்று உலர்திராட்சையாக இனிக்கும், மற்றொன்று மரத்தூளாகக் கசக்கும். இவற்றைக் கொண்டு போன வருடம் வாங்கியவர் இந்த வருடமும் அதே சுவை என்று சொல்லும்படி செய்ய வேண்டும். ரிஜெக்‌ஷன் ஆனதைத் தூக்கிப் போடவும் முடியாது, 21 ஆண்டு போனால் திரும்ப வராது. கசப்பான பீப்பாயும் சரியான அளவில் சேர்ந்தால் இனிப்பைத் தூக்கிக் காட்டும். அந்த அளவைக் கண்டுபிடிப்பது மூக்கு. சன்டோரியின் தலைமைக் கலப்பாளர் ஷின்ஜி ஃபுக்குயோ இந்தியச் சந்தைக்கென்றே ஸ்காட்லாந்து மால்ட்டையும் அமெரிக்க போர்பனையும் சேர்த்து 2019-ல் ஓக்ஸ்மித் என்ற விஸ்கியை அமைத்தார். அதில் ஜப்பானியச் சரக்கு எதுவுமில்லை. ஜப்பானிலிருந்து வந்தது கலக்கும் அறிவு மட்டுமே.

அப்படியென்றால் வயது என்ன தருகிறது? நிறைய தருகிறது, அதை மறுப்பது இந்த வாதத்தின் நோக்கமில்லை. காய்ச்சி வடித்த சாராயம் நிறமற்றது, காரமானது. பீப்பாயின் கருக்கிய உட்சுவர் அதற்கு நிறம், வெனிலா வாசம், இனிப்புச் சாயல் எல்லாம் கொடுக்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்ல உள்ளே போய் முரட்டுத்தனத்தைக் குறைக்கிறது. ஜப்பானுக்கே உரிய மிசுனாரா என்ற ஓக் மரம் இதில் தனிக்கதை. போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய்கள் வராமல் போனபோது உள்ளூர் மரத்தில் கைவைத்தார்கள். அது கோணல்மாணலாக வளரும், பீப்பாயாக்கினால் ஒழுகும், புதிதில் வாசனையும் தூக்கலாக இருக்கும். பல ஆண்டு கழித்துத்தான் அதன் உண்மையான குணம் தெரிந்தது. ஜப்பானியர்கள் அதைக் கோயில் தூபத்தோடு ஒப்பிட்டு, சந்தனம், அகில் என்கிறார்கள். அகிற்கட்டை என்ற சொல் நம் மொழியில் எத்தனை பழையது என்று சொல்ல வேண்டியதில்லை. தேங்காயை நினைவூட்டும் ஒரு மணக்கூறும் அந்த மரத்தில் அதிகம். 21 ஆண்டு ஹிபிக்கியை ஒரு சிறிய கிளாஸில் ஊற்றி, சுழற்றாமல் சும்மா இரண்டு நிமிடம் விட்டு மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது உலர்திராட்சையும் தேனும். அதன் பின்னால், நம் கல்யாண மண்டப வாசலில் வைத்திருக்கும் வரவேற்பு மேசையின் வாசம்: சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, கொஞ்சம் பழைய மரம். மேலைநாட்டுக் குறிப்புகளில் வரும் பழக்கமில்லாத பழப்பெயர்களை நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த விஸ்கியை முகர்ந்து சொல்ல நம்மிடமே சொற்கள் இருக்கின்றன.

ஆனால் வயதின் பயனுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை ஊரின் தட்பவெப்பம் வைக்கிறது. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிப் போகும், ஏஞ்சல்ஸ் ஷேர் என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் அம்ருத் ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 லிட்டர் பீப்பாயில் ஆண்டுக்கு 2 சதவீதம் போனால் 21 ஆண்டு கழித்து சுமார் 130 லிட்டர் மிஞ்சும். 10 சதவீதம் போனால் சுமார் 22 லிட்டர்தான். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரில், நம்மைவிடக் குளுமையாக இருக்கும் பெங்களூருக்கே இந்தக் கதி. ஆவடி வெயிலில் ஒரு பீப்பாயை 21 ஆண்டு வைத்தால் அடியில் பிசுபிசுப்பான கசப்புச் சாறுதான் மிஞ்சும். வெப்பம் ஆவியாக்குவதோடு மரச்சாற்றையும் வேகமாக இழுக்கிறது. டிகாஷனை அளவுக்கு மீறி இறங்கவிட்டால் காபி கசப்பது போலத்தான் இதுவும். அதனால் யமசாக்கியின் 12-ஐயும் பெங்களூரின் 5-ஐயும் எண்ணை வைத்து ஒப்பிடுவது, ஊட்டிக் கேரட்டையும் செங்குன்றம் கத்திரிக்காயையும் எடை போட்டு ருசி சொல்வது போன்றது. அம்ருத் ஃப்யூஷனில் வயது எண்ணே கிடையாது. இந்தியப் பார்லியிலும் புகையூட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியிலும் செய்த இரண்டு மால்ட்டுகளைச் சேர்த்து 2009-ல் வந்தது அது. அதற்கு விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தன் 2010 விஸ்கி பைபிளில் 97 மதிப்பெண் கொடுத்து உலகின் மூன்றாம் இடத்தில் வைத்தார். அங்கேயும் வென்றது சேர்க்கைதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். வயது அவ்வளவு முக்கியமில்லை என்றால் 21 ஆண்டு பாட்டிலுக்கு ஏன் அவ்வளவு விலை? உலகம் முழுக்க விஸ்கி தெரிந்தவர்கள் முட்டாள்களா? இல்லை. அந்த விலையில் ஒரு பங்கு சுவைக்கு, பெரும் பங்கு தட்டுப்பாட்டுக்கு. ஜப்பானில் விஸ்கி விற்பனை 1983-ல் உச்சம் தொட்டு, பிறகு கால் நூற்றாண்டு இறங்கிக்கொண்டே போனது. ஆலைகள் காய்ச்சுவதைக் குறைத்தன, சில மூடின. இந்த நூற்றாண்டில் பரிசுகள் குவிந்தன. சோடா கலந்த ஹைபால் உள்நாட்டில் விஸ்கிக்கு மறுவாழ்வு தந்தது. தகெத்சுருவின் வாழ்க்கையை ஒட்டி 'மஸ்ஸான்' என்ற தொலைக்காட்சித் தொடர் 2014-ல் வந்தது. உலகமே கேட்கத் தொடங்கியபோது கிடங்கில் பழைய பீப்பாய் இல்லை. 20 ஆண்டுக்கு முன் காய்ச்சாததை இன்று எந்தப் பணத்தாலும் காய்ச்ச முடியாது. 2015-ல் எண் இல்லாத ஹிபிக்கி ஜாப்பனீஸ் ஹார்மனி வந்தது. நிக்கா அதே ஆண்டில் யொயிச்சி, மியாகிக்யோ மால்ட்டுகளின் வயது எண்ணை எடுத்துவிட்டது. 2018-ல் ஹிபிக்கி 17-ன் விற்பனை நின்றது. எண் போட்ட பாட்டில் விலையேறியது இந்தக் கதையால். அபூர்வத்துக்குக் காசு கொடுப்பது தவறில்லை, அது சுவைக்குக் கொடுக்கும் காசு என்று நினைப்பதுதான் தவறு. இதில் என் தீர்ப்பு இது: 21 யாராவது கொடுத்தால் மனநிறைவோடு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் வாங்குவதானால் அதே நிறுவனத்தின் எண் இல்லாத கலப்பிலிருந்து தொடங்குங்கள். அதை நான்கு மாதம் பொறுமையாகக் குடித்துப் பழகிய மூக்குக்குத்தான் 21-ன் சந்தனம் எட்டும்.

எண்ணைவிட லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று: அது ஜப்பானில் செய்ததுதானா? வெளிநாட்டு விஸ்கியை மொத்தமாக இறக்குமதி செய்து, ஜப்பானில் அடைத்து, ஜப்பானிய எழுத்தோடு விற்க அந்நாட்டுச் சட்டம் தடையாக இருக்கவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அந்நாட்டு மதுத் தயாரிப்பாளர் சங்கம் 2021 ஏப்ரலில் ஒரு தர வரையறையைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலிலிருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முளைகட்டிய தானியம் கட்டாயம் இருக்க வேண்டும். நீர் ஜப்பானுடையதாக இருக்க வேண்டும். ஊறவைப்பது, புளிக்கவைப்பது, வடிப்பது எல்லாம் ஜப்பானிலேயே நடக்க வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு அங்கேயே முதிர வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத சாராயச் சத்தோடு அங்கேயே பாட்டிலில் அடைக்க வேண்டும். இது சங்க உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, சட்டமல்ல. நிக்கா தன் பாட்டில்களில் எவை இந்த வரையறைக்குள் வருகின்றன, எவை வரவில்லை என்று தானே பட்டியலிட்டது. புகழ்பெற்ற 'ஃபிரம் த பேரல்' வரவில்லை. வராததால் அது மோசமான விஸ்கி ஆகிவிடாது, பலருக்கு அது மிகப் பிடித்தது. கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. பெயரே கேள்விப்படாத பாட்டில் ஜப்பானிய எழுத்தும் மலைப்படமும் மட்டும் காட்டினால், ஆலையின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

2003-லிருந்து சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக்கின் சாதாரணக் கடையில் விஸ்கி என்ற பெயரில் கிடைக்கும் குவார்ட்டர்களில் பெரும்பாலானவற்றோடு ஜப்பானிய விஸ்கியை ஒப்பிடுவதில் பொருளில்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த நடுநிலைச் சாராயம், கொஞ்சம் மால்ட், கருக்கிய சர்க்கரையின் நிறம் என்பதே அவற்றின் பொது அமைப்பு. கழிவுப்பாகுச் சாராயத்தை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என்று அழைக்கவே அனுமதிப்பதில்லை. இறக்குமதிச் சரக்கு வேண்டுமென்றால் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் கேட்கலாம். இறக்குமதி விஸ்கிமேல் சுங்க வரி நெடுங்காலம் 150 சதவீதமாக இருந்ததால் விலை கடுமையாக இருக்கும், ஆனால் பில் கிடைக்கும்.

வாங்கியதை எங்கே வைப்பது? பீப்பாயை விட்டு வந்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பேரன் கல்யாணத்துக்கு இன்னும் முதிரட்டும் என்று பரணில் ஏற்றிவைத்தால் 21 அப்போதும் 21-ஆகத்தான் இருக்கும், பாழாக மட்டும் வாய்ப்பு உண்டு. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் என்ன சூடு சுடும் என்று ஆவடி மேல்மாடிக் குடியிருப்புக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி கார்க் தளரும். கண்ணாடி ஷோகேஸில் வெயில் படும்படி வைத்தால் நிறமும் மணமும் வெளுக்கும். பீரோவின் கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டியோடு, நிமிர்த்தி வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். திறந்தபின் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகமாகி மணம் மங்கத் தொடங்கும், சில மாதங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. அல்லது மிச்சத்தைச் சுத்தமான சின்ன பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

குடிக்கும் முறையில்தான் பெரிய மறுப்பு வரும். 'இவ்வளவு விலையுள்ள சரக்கில் தண்ணி ஊற்றுவதா? ராவாக அடித்தால்தான் அதற்கு மரியாதை' என்பார்கள். நம் ஊர் வெப்பநிலையே இதற்கு முதல் பதில். விஸ்கியை முகர்ந்து பார்க்க ஏற்றது 20 டிகிரியை ஒட்டிய அறை. அம்பத்தூரில் ஏசி இல்லாத அறை கோடையில் இரவிலும் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் 43 சதவீத விஸ்கியை அப்படியே ஊற்றினால் சாராய ஆவிதான் முதலில் எழுந்து மூக்கை அடிக்கும், சந்தனமும் தேனும் அதன் அடியில் அமுங்கிப்போகும். இரண்டாவது பதில், தொழில்முறைக் கலப்பாளர்களே தண்ணீர் சேர்த்து 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். மூன்றாவது, 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினிக் கணக்கீட்டில் காட்டிய விஷயம்: விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவாயகால் போன்ற மூலக்கூறு, சாராயச் சத்து மிக அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள் அமிழ்ந்து கிடக்கிறது, தண்ணீர் சேர்த்து இறக்கும்போது மேற்பரப்புக்கு வருகிறது. நான்காவது, ஜப்பானியர்களே இதை மிசுவாரி என்று ஒரு பங்கு விஸ்கிக்கு இரண்டு பங்கு தண்ணீரும் பனிக்கட்டியும் சேர்த்துச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். அந்த நாட்டுக் கலப்புகள் தண்ணீர் சேர்ந்தாலும் உருக்குலையாதபடி அமைக்கப்பட்டவை. இது கலப்பவரின் கைவரிசைக்குச் சரியான சோதனையும்கூட. தண்ணீர் பட்டதும் தட்டையாகிவிடும் விஸ்கியில் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேர்க்கை சரியில்லை என்று அர்த்தம்.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பது கேள்வி. யமசாக்கியை அந்த இடத்தில் கட்டியதே நீருக்காக. மூன்று ஆறுகள் கூடும் அந்த ஊரின் நீர் தேநீர்க் கலைஞர்களின் காலத்திலிருந்தே பேர்பெற்றது. மேற்குப் புறநகரின் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு, அதை ஊற்றினால் 21 ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் வீண். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றுங்கள், இல்லையென்றால் நல்ல கேன் தண்ணீரே போதும். பனிக்கட்டி இன்னும் நுட்பமான விஷயம். இட்லி மாவு, நேற்று வாங்கிய மல்லிகைச் சரம், ஃபிரீசரில் மீன் என்று எல்லாம் இருக்கும் ஃபிரிஜ்ஜில் திறந்த தட்டில் உறைந்த பனிக்கட்டி இவை அத்தனையின் வாசனையையும் உறிஞ்சி வைத்திருக்கும். மூடியுள்ள டப்பாவில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி உறையவையுங்கள், ஒரே பெரிய கட்டியாக. பெரிய கட்டி மெதுவாகக் கரையும். 30 மில்லி விஸ்கி, 60 மில்லி தண்ணீர், ஒரு கட்டி. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி போதும். சைட் டிஷ்ஷில் மிளகாயைத் தவிருங்கள். சாராயம் வாயில் வெப்பத்தை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடுமே தவிர மணம் தெரியாது. வறுத்த வேர்க்கடலை, உப்பு முந்திரி, மிளகு மட்டும் தூவிய வாழைக்காய் வறுவல், கடலை மிட்டாய் ஆகியவை ஒத்துப்போகும். கடலை மிட்டாயின் வெல்லமும் முதிர்ந்த கிரெய்ன் விஸ்கியின் இனிப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

குடியால் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்று தெரிந்த தமிழ்நாட்டில் இப்படி ஓர் அத்தியாயமே தேவையா என்று கேட்பவர்களின் கேள்வி மற்ற எல்லா மறுப்புகளையும்விட கனமானது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. வயது கூடிய விஸ்கி, விலை கூடிய விஸ்கி என்பதால் ஈரலுக்கு அது நல்லதாகிவிடாது. குடிக்காதவர் தொடங்க வேண்டும் என்று இங்கே எந்த வரியும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு இது சட்டப்படியே இல்லை. ஏற்கெனவே குடிப்பவருக்குச் சொல்வது இதுதான்: குவார்ட்டரை ஒரே மூச்சில் முடிக்கும் பழக்கத்துக்கும், 30 மில்லியை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று தேடும் பழக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. எண்ணைப் பார்த்துக் குடிப்பவர் பெருமைக்காக ஊற்றிக்கொண்டே இருப்பார். கலவையைத் தேடுபவருக்கு இரண்டாவது கிளாஸில் மூக்கு மங்கிவிடும், அதற்குமேல் குடிப்பது வீண் என்று தெரிந்துவிடும். வண்டியைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம். சி.டி.எச். சாலையில் இரவு லாரிகளுக்கு நடுவே போகும் வண்டிக்கு அந்த அளவுகூட ஆபத்துதான்.

கடைசியாக, காலி பாட்டில். புகழ்பெற்ற ஜப்பானிய விஸ்கிகளின் வெறும் பாட்டிலுக்கே உலகெங்கும் சந்தை இருக்கிறது. மலிவுச் சரக்கை நிரப்பி, மூடியை ஒட்டி, திரும்ப விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வருகிறது என்று யாராவது 21-ஐக் காட்டினால், பில் இல்லாமல் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் பாட்டில் தீர்ந்ததும் லேபிளைச் சுரண்டி எடுத்து, கார்க்கை உடைத்துப் போட்டுவிட்டு, பிறகு காயலான் கடைக்குக் கொடுங்கள்.